தொங்குகிளை ஊசியிலை மரம்: பினாங்கு வீட்டுக்கு எது சரிவரும்?

படத்தில் பார்த்து ஆசைப்படும் மரங்களில் இதற்குத்தான் முதலிடம். சாம்பல் கலந்த நீல ஊசியிலைகள், உச்சியிலிருந்து தரைவரை வழிந்து இறங்கும் கிளைகள், பக்கத்தில் வேறு எதுவும் இல்லாமல் அந்த ஒரு மரம் மட்டும். ஏர் ஈத்தாமில் மூலை வீடு வாங்கியவர்கள், பாலிக் புலாவ் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள், கொண்டோ பால்கனியில் நாலு தொட்டிக்கு இடம் பார்ப்பவர்கள் என்று பலரும் கைப்பேசியை நீட்டி, "இது இங்க வருமாண்ணே?" என்று கேட்கிறார்கள். படத்தில் இருக்கும் அந்த மரம் வராது. அதற்குப் பதிலாக எதை வைப்பது என்பதில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது. இங்கே கிடைக்கும் மாற்றுகள் ஒவ்வொன்றும் அந்த அழகில் ஒரு பங்கைக் கொடுத்து, இன்னொரு பங்கை எடுத்துக்கொள்கின்றன.

முதலில் வராததைப் பற்றிப் பேசிவிடலாம். இணையத்தில் சுற்றும் படங்களில் பெரும்பாலும் மூன்று மரங்கள்தான் இருக்கும். ஒன்று ஐரோப்பாவின் நார்வே ஸ்ப்ரூஸில் தொங்கும் வகை. இன்னொன்று அலாஸ்காவிலிருந்து வட கலிபோர்னியா வரையுள்ள பசிபிக் மலைகளைச் சேர்ந்த நூட்கா சைப்ரஸ். திரைச்சீலை மாதிரி கிளை விடுவது அதுதான். மூன்றாவது மொரோக்கோ, அல்ஜீரியா மலைகளின் நீல அட்லஸ் சீடர். மூன்றுமே குளிர்காலத்தை நம்பி வாழ்பவை. பகல் குறையத் தொடங்கினால் மொட்டு உறங்கப் போகும்; போதுமான குளிர் வந்து போனால்தான் மறுபடி விழிக்கும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கிறது. வருஷம் முழுக்கப் பகல் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். பகலில் 31, 32 டிகிரி. இரவில் 24-க்குக் கீழே இறங்கினாலே நாம் போர்வை தேடுகிறோம். மரத்துக்கு உறங்கவும் சைகை கிடைக்காது, விழிக்கவும் கிடைக்காது. பகலில் சமைத்த உணவையும் சூடான இரவில் அதுவே செலவழித்துவிடும். போதாததற்கு, மழையில் ஊறிய வெதுவெதுப்பான மண்ணில் வேரழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். டிசம்பரில் சின்னச் சட்டியில் விற்கும் மஞ்சள் பச்சை சைப்ரஸ் செடி பொங்கலுக்குள் உள்பக்கமிருந்து பழுப்பாகிப் போவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இவையும் அதே வழியில்தான் போகும். உடம்பு பெரிதென்பதால் கொஞ்சம் தாமதமாகப் போகும், அவ்வளவுதான்.

ஆன்லைனில் 'தொங்கும் நீல ஸ்ப்ரூஸ் விதை' என்று பாக்கெட்டுகள் விற்கிறார்கள். முளைத்தாலும் அது தொங்காது. தொங்கும் குணம் எங்கோ ஒரு மரத்தில் தற்செயலாக வந்தது. அந்த மரத்தின் குச்சியை வேறொரு வேரில் ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டித்தான் பெருக்கியிருக்கிறார்கள். விதையிலிருந்து வரும் கன்று பெரும்பாலும் சாதாரண நிமிர்ந்த மரமாகவே வளரும். செடியாகவே வரவழைக்கலாம் என்றால், இறக்குமதி அனுமதி வேண்டும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அனுமதி இல்லாமல் பெட்டியில் மறைத்துக் கொண்டுவருவது தாவர, விலங்கு இறக்குமதியைச் சோதிக்கும் மாக்கிஸ் துறையின் 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாகப் போகிற செடிக்காக இவ்வளவு பாடு எதற்கு?

அந்த நாட்டுத் தோட்டக்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. நார்வே ஸ்ப்ரூஸின் தொங்கும் வகையைச் சும்மா விட்டால் அது தரையில் படர்ந்துவிடும். உயரமாக நிற்கிறது என்றால், சின்ன வயதிலேயே யாரோ கழி நட்டுத் தண்டை வேண்டிய உயரம் வரை கட்டி ஏற்றி, அப்புறம் கிளையைத் தொங்க விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். படத்தில் நாம் மயங்கும் தோற்றத்தில் பாதி மரத்தின் வேலை, பாதி கையின் வேலை. இங்கே மரம் மாறினாலும் கையின் வேலை மாறாது. கீழே போடோகார்பஸ் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

கேமரன் மலையில் வீடு வைத்திருக்கும் அதிர்ஷ்டசாலிகளுக்கு மட்டும் ஒரு வரி. பூட்டானின் தேசிய மரமான காஷ்மீர் சைப்ரஸ் என்று ஒன்று உண்டு. நீலம் கலந்த பச்சை, இறகு இறகாகத் தொங்கும். பனி விழாத குளிர் அதற்குப் பிடிக்கும். தானா ராத்தா உயரத்தில் முயன்று பார்க்கலாம். பினாங்குத் தரைமட்டத்தில் வேண்டாம்.

இனி நம் கணக்குக்கு வருவோம். அந்தப் படத்தில் உங்களைப் பிடித்து இழுத்தது எது? ஊசி மாதிரி மெல்லிய இலையா, கிளை தொங்கும் விதமா, 'இது உண்மையான ஊசியிலை மரம்' என்ற பெருமையா? மூன்றும் ஒன்றாக வேண்டும் என்றால் வெப்பமண்டலத் தரைமட்டத்தில் வழி ரொம்பக் குறுகல். ஒன்றை விட்டுக்கொடுத்தால் வாசல் திறக்கும். எதை விட்டுக்கொடுப்பது என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு நர்சரிக்குப் போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

என்னைக் கேட்டால், தரைவீட்டில் இருக்கும் பெரும்பாலோர் அந்தக் கடைசிப் பெருமையைத்தான் விட வேண்டும். விட்டால் ரு ரோனாங் கிடைக்கும். நர்சரியில் இந்தப் பெயரைச் சொன்னாலே காட்டுவார்கள். தாவரவியலில் ஜிம்னோஸ்டோமா என்ற பேரினம். போர்னியோ, சுமத்ரா என்று நம் வட்டாரத்துக் காடுகளைச் சேர்ந்தது. இளவயதிலேயே கூம்பாக எழும்பும், அடியிலிருந்து கிளை விடும். கரும்பச்சைக் குச்சிகள் அடர்ந்து, நுனிகள் மட்டும் மெத்தென்று வளைந்து கீழே பார்க்கும். காற்று அடித்தால் மரம் முழுக்க அலையலையாக ஆடும். பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவர் எவரும் இதை ஊசியிலை மரம் என்றுதான் சொல்வார்.

கிட்டப் போனால் கதை வேறு. இது சவுக்குக் குடும்பம். பூக்கும் தாவர வகை. ஒரு 'ஊசி'யைக் கிள்ளியெடுத்து இரண்டு கைநகத்துக்கும் நடுவில் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரு கணுவில் பட்டென்று கழன்று வரும். கழன்ற விளிம்பில் பொடிப்பொடியாகப் பற்கள் ஒரு வளையமாக நிற்கும். அந்தப் பற்கள்தான் இலை. நாம் ஊசி என்று நினைத்தது பச்சைக் குச்சி. ரு ரோனாங்கில் வளையத்துக்கு நான்கு பல். கடற்கரை ரு எனப்படும் சவுக்கில் பெரும்பாலும் ஏழு, சில சமயம் ஆறு அல்லது எட்டு. கைப்பேசிக் கேமராவை நெருக்கிப் பிடித்தால் எண்ணிவிடலாம். இரண்டையும் 'ரு' என்றே சொல்லி விற்கும் இடங்களில் இந்த எண்ணிக்கை உங்களைக் காப்பாற்றும். ஏனென்றால் கன்றாக இருக்கும்போது இரண்டும் அக்கா தங்கை மாதிரிதான் தெரியும். வளர்ந்த பிறகு ஒன்றைத்தான் வீட்டில் வைத்துக்கொள்ள முடியும்.

கடற்கரை ரு என்பது பத்து ஃபெரிங்கி மணலில் வரிசையாக நிற்கிறதே, அதுதான். தமிழ்நாட்டில் சவுக்குத் தோப்பு என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம். சாரம் கட்டவும் அடுப்பெரிக்கவும் போனது அந்த மரம். உப்புக் காற்றுக்கு அசையாது. வேர் முடிச்சில் வாழும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால் வெறும் மணலிலும் செழிக்கும். ஆனால் 20 மீட்டரைத் தாண்டிப் போகும். சூறைக்காற்றில் கிளை முறிக்கும். கடலோர பங்களா, பெரிய மனை என்றால் ஓர் ஓரத்தில் நடலாம். தாமான் வீட்டுக்கு வேண்டாம், கன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று மனசு இளகக் கூடாது.

ரு ரோனாங்கும் விட்டால் உயரும். 15 மீட்டரைத் தாண்டக்கூடிய மரம்தான். ஆனால் அடர்த்தியாக, நிதானமாக வளரும்; வெட்டைத் தாங்கும். சுவரிலிருந்தும் லோங்காங் என்கிற வடிகாலிலிருந்தும் மூன்று மீட்டராவது தள்ளி வைத்து, உச்சியை அவ்வப்போது கிள்ளி வந்தால் மூலை வீட்டில் வருஷக்கணக்கில் அடக்கமாக வைத்திருக்கலாம். இங்கே ஓர் ஆபத்து உண்டு, அது மரத்தால் வருவதல்ல. மாதாமாதம் வரும் புல்வெட்டுக்காரர் கையில் வேலி வெட்டும் மெஷின் இருக்கும். அழகாகச் செய்கிறேன் பேர்வழி என்று ஐந்தே நிமிஷத்தில் மரத்தை வழவழவென்று கூம்பாகச் சிரைத்துவிட்டுப் போவார். தொங்கும் நுனிகள் எல்லாம் போய்விடும். ஹோட்டல் வாசல் பொம்மை மரமாகிவிடும். நமக்கு வேண்டியது நுனிதானே? அதனால் கத்தரி வேண்டும், மெஷின் கூடாது. நீண்டுபோன குச்சியைப் பிடித்து, உள்ளே அது கிளையிலிருந்து பிரியும் இடம் வரை விரலை ஓட்டி, அங்கே வெட்ட வேண்டும். வெட்டிய தடம் வெளியே தெரியாது; மீதி நுனிகள் தொங்கிக்கொண்டே இருக்கும். "அண்ணே, இந்த மரத்த மட்டும் தொடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது இன்னும் உத்தமம்.

இன்னொரு குறை தண்ணீர். இலைத்துளைகள் கடற்கரை ருவில் குச்சியின் பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கும். அதனால் ஈரம் எளிதில் போகாது. ஜிம்னோஸ்டோமாவில் அவை வெளியே தெரிகிற மாதிரி இருக்கின்றன. மழைக்காட்டு மரம், அதற்குச் சிக்கனம் தெரியாது. பினாங்கில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மழை குறையும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அந்தத் தார்ச்சாலைச் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரங்களில் புதிதாக நட்ட ரு ரோனாங்குக்குத் தண்ணீர் தவறினால் உள்பக்கக் குச்சிகள் பழுப்பாகி உதிரும். பழுத்த குச்சி மறுபடி பச்சையாகாது. அதனால் இதைத் தொட்டியில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. தரையில் வேர் இறங்கிவிட்டால் கவலை குறையும். உரத்தையும் அள்ளிப் போட வேண்டாம். இதற்கும் வேர் முடிச்சு உண்டு, தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். உதிர்ந்த குச்சி லோங்காங் கம்பிவலையில் போய் அடைத்துக்கொள்ளும் என்பது மட்டும் தினசரித் தொல்லை. பெருக்க ஆள் வேண்டும், அல்லது பெருக்கப் பிடிக்க வேண்டும்.

தொட்டியில்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சுச்சுர் ஆத்தாப். பேக்கியா ஃப்ரூட்டெசன்ஸ் என்பது அறிவியல் பெயர். இதுவும் ஊசியிலை மரம் இல்லை. கொய்யா, நாவல் குடும்பம். ஆனால் இலை நிஜமாகவே ஊசி மாதிரி மெல்லியது, ஒரு சென்டிமீட்டர் அளவுதான். கசக்கினால் மருந்தெண்ணெய் வாசம் வரும். கொப்புகள் மெலிந்து வளைந்து தொங்கும். அரிசிக் குருணை அளவில் வெள்ளைப் பூ பூக்கும். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் குனோங் ஜெராய், கடாரத்தின் அந்தப் பழைய மலை, அதன் உச்சிப் பாறைகளிலும் இது வளர்கிறது. கடலோர மணலிலும் வளரும். மலையுச்சி, கடலோரம் இரண்டுக்கும் பொதுவானது சத்தில்லாத, அமிலத்தன்மையுள்ள, நீர் தேங்காத மண். அதைத்தான் தொட்டியிலும் கொடுக்க வேண்டும். ஆற்று மணலும் கொக்கோபீட்டும் கலந்தால் போதும். சாணி உரம், கோழி எரு எதுவும் வேண்டாம்.

போன்சாய் வளர்ப்பவர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள், காரணம் உண்டு. சின்ன உருவத்திலேயே முதிர்ந்த மரத்தின் தோரணை வந்துவிடுகிறது. இடுப்பளவு செடி போதும், பால்கனியில் பார்வை அங்கேதான் போகும். ஆனால் இதன் வேர் ஒரு தடவை முழுக்கக் காய்ந்தால் செடி திரும்பி வராது. இலை வாடிக் காட்டி எச்சரிக்கவும் செய்யாது. பச்சையாகவே நின்றுகொண்டிருக்கும், தொட்டால் இலை உதிரும், அப்போதுதான் விஷயம் தெரியும். உயரமான மாடிகளில் காற்று அதிகம், தொட்டி சீக்கிரம் காயும். சிலர் அடியில் தண்ணீர்த் தட்டு வைக்கிறார்கள். நம் ஊரில் அது ஏடிஸ் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975-ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் அபராதம் வரும். தட்டில் மணலை நிரப்பி ஈரமாக வைத்துக்கொள்ளலாம், அல்லது தேவைக்கு மேல் ஒரு அளவு பெரிய தொட்டியில் நட்டு மேல்மண்ணைக் கூழாங்கல்லால் மூடலாம். ஊருக்குப் போகும் பழக்கம் உள்ளவர்கள், தீபாவளிக்கு இரண்டு வாரம் வீட்டைப் பூட்டுபவர்கள், பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் சாவி கொடுக்கும் அளவுக்கு நெருக்கம் இல்லையென்றால் இதை வாங்க வேண்டாம்.

வாங்கும்போது நர்சரியில் வளர்த்த கன்றா என்று கேளுங்கள். தண்டு மட்டும் தடித்து, வேர் வெட்டுப்பட்டு, புது மண்ணில் செருகியிருந்தால் காட்டிலிருந்து தோண்டியதாக இருக்கலாம். அப்படித் தோண்டியவை பெரும்பாலும் பிழைப்பதில்லை.

'ஊசி போனாலும் பரவாயில்லை, உண்மையான ஊசியிலை மரக்குலமாக இருக்க வேண்டும்' என்பவர்களுக்குத்தான் போடோகார்பஸ். நம் சீன நண்பர்கள் லோ ஹான் சொங் என்று சொல்லி வாசலில் வைக்கும் மரம். சீனா, ஜப்பானைச் சேர்ந்ததாக இருந்தாலும் நம் வெயிலில் நன்றாகவே வாழ்கிறது. இலை விரல் நீளத்துக்குத் தட்டையாக இருக்கும். கூம்பு காய்க்காது, சிவந்து சதைப்பற்றான காம்பின் மேல் பச்சை விதை உட்கார்ந்திருக்கும். ஆனாலும் குலத்தில் ஸ்ப்ரூஸுக்கும் சீடருக்கும் உறவுதான்.

இது தானாகத் தொங்காது. இங்கேதான் கையின் வேலை. இளங்கிளையில் அலுமினியக் கம்பியைச் சாய்வாகச் சுற்றி மெதுவாகக் கீழே வளைத்துச் சில மாதம் விட்டால் வளைவு நிலைத்துவிடும். நம் ஊரில் மரம் வருஷம் முழுக்கப் பருப்பதால் கம்பி சீக்கிரமே பட்டையில் பதியும். அதனால் வாராவாரம் பார்த்து, பதியத் தொடங்கும்போதே வெட்டி எடுக்க வேண்டும். சுற்றி எடுக்காதீர்கள், துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்; கிளை முறியாது. வளைத்த கிளையின் நுனி மறுபடி வானத்தைப் பார்த்துத் திரும்பும், அதைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இளந்தளிரில் வெள்ளை மாவு தூவிய மாதிரி அசுவினி வந்து உட்காரும், பின்னாலேயே எறும்பும் வரும். தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பெரும்பகுதி போய்விடும். மெதுவாக வளரும் மரம் என்பதால் உருவம் பிடித்த மரத்துக்கு விலை கூடுதல். கையில் பொறுமையும் மாலையில் அரைமணி நேரமும் இருப்பவர்களுக்கு இதைவிட ஏற்ற மரம் இல்லை. இரண்டும் இல்லாதவர்கள் வாங்கினால், நிமிர்ந்து நிற்கும் ஒரு நல்ல பச்சை மரம் கிடைக்கும். அது வேறு அழகு.

மூன்றும் ஒன்றாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கும் இந்த மண்ணிலேயே ஒரு மரம் இருக்கிறது. செம்பிலோர், அறிவியலில் டக்ரிடியம் எலாட்டம். உண்மையான ஊசியிலைக் குலம், மெல்லிய ஊசி, இளவயதில் கிளைநுனி தொங்கும். இதில் பினாங்குக்கும் ஒரு பங்கு உண்டு. இந்திய தாவரவியலின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ராக்ஸ்பர்க் இதைப் பினாங்கு மரமாகத்தான் விவரித்தார். ஜூனிபர் இனத்தில் சேர்த்து ஜூனிபெரஸ் எலாட்டா என்று பெயர் வைத்தார். அவர் 1815-லேயே இறந்துவிட்டார், அந்த விவரிப்பு 1832-ல்தான் அச்சில் முழுமையாக வந்தது. பின்னர் வந்தவர்கள் இனத்தை மாற்றினாலும் 'எலாட்டா' ஒட்டிக்கொண்டது. இலையைப் பார்த்தால் ஏன் ஜூனிபர் என்று தோன்றியது என்பது புரியும். இளமரத்தில் மெல்லிய ஊசிகள் விரிந்து நிற்கும். முதிர்ந்த கிளைகளில் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி முறுக்கிய கயிறு மாதிரி ஆகிவிடும். ஒரே மரத்தில் இரண்டு விதத்தையும் பார்க்கலாம்.

சிக்கல் எங்கே? மலைமுகட்டில், அமில மண்ணில், மூடுபனி தொட்டுப் போகும் இடங்களில் வளர்ந்து பழகிய மரம் இது. சிமெண்டுத் தரை சூடேறும் தாமான் முற்றத்தில் வேர் திணறும். கன்று நர்சரிகளில் அரிதாகவே கண்ணில் படும். கிடைக்காத ஆத்திரத்தில் கொடிமலைக்கு ஏறிப் பிடுங்கி வரலாம் என்று நினைக்க வேண்டாம். கொடிமலை 2021 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். நிரந்தரக் காப்புக்காட்டிலிருந்து உரிமமில்லாமல் எதை எடுத்தாலும் 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். நல்ல வழியில் கன்று கிடைத்து, உங்கள் வீடும் மலைச்சரிவில், காலை வெயில் மட்டும் படும் இடமாக இருந்தால் துணிந்து வையுங்கள். இளமையில்தான் அதன் தொங்கல் முழு அழகில் இருக்கும், ஆனால் அது மெதுவாக வளர்வதால் அந்த இளமை நீண்ட காலம் நிற்கும்.

நெட்டிலிங்கம் பற்றிச் சொல்லாவிட்டால் கோபிப்பார்கள். பலரும் அசோகா என்று தவறாகச் சொல்லும் அந்த ஒல்லி மரம், தென்னிந்தியாவும் இலங்கையும் கொடுத்தது. ஊசி கிடையாது, குலமும் கிடையாது. தொங்கல் மட்டும் நூற்றுக்கு நூறு. தெரஸ் வீட்டில் கார் நிறுத்தியது போக இரண்டு முழம் இடம்தான் மீதி என்றால் இதைத் தவிர வேறு மரம் யோசிக்காதீர்கள். உச்சியை வெட்டினால் மட்டும் அலங்கோலமாகிவிடும். வாலுள்ள பச்சைப் புள்ளி வண்ணத்துப்பூச்சி முட்டையிட வரும், புழு கொஞ்சம் இலையைக் கடிக்கும், கடிக்கட்டும்.

'கிறிஸ்துமஸ் மரம்' என்று நர்சரியில் காட்டும் அரௌகேரியாவை இந்தப் போட்டியில் சேர்க்கவே கூடாது. அடுக்கடுக்காகக் கிளை விடும், தொங்காது, மாடிக்கு மேல் போய்விடும். நார்ஃபோக் பைன் என்று விற்கப்படுவதில் நிறைய உண்மையில் குக் பைன். அது நிலநடுக்கோட்டுப் பக்கமாகச் சாயும் வினோதப் பழக்கம் உள்ளது என்று 2017-ல் ஓர் ஆய்வே வந்தது. கண்ணுக்கு விருந்து, ஆனால் திடலுக்கு ஏற்றது.

எதைத் தேர்ந்தாலும், தனி மரமாக எடுபடுவது பின்னணியைப் பொறுத்தது. தொங்கும் நுனிகள் மெல்லியவை. பின்னால் வேறு செடிகள் அடர்ந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. வெளிர் நிறச் சுவர், அல்லது வெறும் வானம் பின்னால் இருக்க வேண்டும். வாசலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைப்பது நம் வீடுகளில் வழக்கம். இந்த வகை மரத்தில் அது வேண்டாம். ஒன்றுதான், அதுவும் நடுவிலிருந்து கொஞ்சம் ஒதுங்கி. கீழே பூச்செடி வைத்து நிரப்பாமல் புல்லோ கூழாங்கல்லோ போதும். வேலிக்கு வெளியே சாலையோரப் பட்டையில் நட ஆசைப்படுபவர்கள் முதலில் மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுங்கள். அது உங்கள் நிலம் இல்லை, நாளை வெட்டினால் கேள்வி கேட்க முடியாது.

நர்சரியில் ஒரு சோதனை. கடையில் தொங்கிக்கொண்டிருக்கும் எல்லாமே தொங்கும் வகை இல்லை. தண்ணீர் காணாத செடியும் தொங்கும். நுனியை ஒரு விரலால் தூக்கி விடுங்கள். இயல்பாகத் தொங்குவது விறைப்பாக இருக்கும், விட்டதும் துள்ளித் தன் இடத்துக்குப் போகும். தாகத்தில் தொங்குவது துவண்டு விரல்மேல் படுத்துக்கொள்ளும். அப்புறம் பையின் அடியைப் பாருங்கள். வேர் வெளியே வந்து வட்டமடித்திருந்தால் சின்னதாக இருக்கும் அடுத்த கன்றை எடுங்கள். தரையில் இறங்கியபின் அதுதான் முந்தும்.

நடுவதற்கு ஏப்ரல், மே நல்லது. இல்லையென்றால் ஆகஸ்ட் கடைசி, பெருமழைக்கு முன்னால். தாமான் மண் என்பது பெரும்பாலும் கட்டடக் குப்பை மேல் கொட்டி அமுக்கிய செம்மண். முழங்கால் ஆழம் தோண்டி, குழியைத் தண்ணீரால் நிரப்பி, சாயங்காலம் போய்ப் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் அந்தக் குழியில் எதையும் நடாதீர்கள். ஒன்றரை அடி மேடு கட்டி மேட்டில் நடுங்கள். முதல் இரண்டு வறட்சிக்கும், அதாவது இரண்டு தைப்பூசம் முடியும்வரை, மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயை மெதுவாகத் திறந்து மரத்தடியில் போட்டுவிட்டு ஒரு தேநீர் குடித்து முடிக்கும்வரை விட்டுவிடுங்கள். தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதைவிட அதுதான் வேரைக் கீழே இறக்கும்.